கெம்பனப்பள்ளிக்கு ஒரு வண்டி

முதல் தடவை கம்ப்யூட்டர் திரையில் பிரிண்ட் செய்தபோது எல்லாப் பெயர்களும் அடைப்புக்குறிகளுக்குள் மாட்டிக்கொண்டு ஒரே கொத்தாக வந்து விழுந்தன.

அருணாவுக்குச் சிரிப்பு வந்தது. சூளகிரி தொழிற்சாலையின் ஆபீசில் அவள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. யார் எந்த ஸ்டாப்பில் ஏறுவார்கள் என்று பிரித்துத் தரச் சொல்லியிருந்தார் மேனேஜர் ஸ்ரீராம். பத்துப் பேராவது சேர்ந்தால்தான் கம்பெனி வண்டி.

பட்டியலுக்குள் பட்டியல் என்பதால் பைத்தான் நிரலில் லூப்புக்குள் இன்னொரு லூப் போட்டாள். மேலே ஸ்டாப், அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளிப் பெயர்கள் என்று இந்த முறை அழகாக இறங்கியது. பைத்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது, வீட்டில்தான் யாரும் கேட்பதில்லை.

கிருஷ்ணகிரிக்கு வண்டி உண்டு. ஓசூருக்கு மூன்று.

கெம்பனப்பள்ளிக்கு இல்லை.

அது அவளுடைய ஊர். பெரிய தெரு ஸ்டாப்பில் ஆறு பேர், காலனி ஸ்டாப்பில் ஐந்து பேர்.

ஒரு மாதத்துக்குள் ஊருக்குக் கம்பெனி வண்டி வராவிட்டால் வேலையே வேண்டாம் என்று அப்பா மணிவேல் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்.

இரண்டு தெருவும் கூப்பிடு தூரம்தான்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். ஸ்டாப் வாரியாகப் பிரித்ததை ஊர் வாரியாக்கினாள்.

கெம்பனப்பள்ளி என்ற ஒரே தலைப்பின் கீழ் பதினொரு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். காலனி அனுப்ரியாவும் பெரிய தெரு அன்புமணியும் அடுத்தடுத்து. பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

டீ டம்ளரோடு வந்த ஸ்ரீராம் திரையை எட்டிப் பார்த்தார். “சரிம்மா, திங்கக்கிழமையிலருந்து வண்டி விட்டுடலாம். ஆனா ஊருக்கு ஒரு ஸ்டாப்தான். எங்க நிக்கணும்?”

“காலனியில சார். அங்கதான் பஸ் திரும்ப எடம் இருக்குது.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பெரிய தெருவில் கோயில் முன்னால் இரண்டு பஸ் திரும்ப இடமிருக்கிறது. அங்கே நிறுத்தினால் காலனிக்காரர்கள் ஓரமாகத் தள்ளி நிற்பார்கள். பஸ் வந்து, மற்றவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கிட்டே வருவார்கள்.

அருணாவின் வீடு பெரிய தெருவில், கோயிலுக்கு எதிரே. அவள் வீட்டில் யாரும் இதுவரை காலனிக்குள் கால் வைத்ததில்லை. திங்கட்கிழமை காலை அவள் வைக்க வேண்டும்.

அப்பா கேட்டால், கம்ப்யூட்டர் அப்படிப் போட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.