நடுச்சுவர்

ஹெட்போனை மாட்டியதும் அவன் முதலில் தேடியது அழுகையை.

இல்லை.

ஒரு முழு அத்தியாயம். ஓரிடத்தில்கூட இல்லை.

கதைகளை வாசித்துப் பதிவு செய்வது அவன் பிழைப்பு. பக்கத்து வீட்டு அழுகை அவனுடைய எத்தனையோ கதைகளைக் கெடுத்திருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. அவள் பெயர் பவளம் என்பதே அந்தச் சுவர் வழியாகத்தான் தெரியும். புருஷன் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அடிப்பார்.

ஒருநாளும் இவன் போய்க் கதவைத் தட்டியதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும்.

வாடகை வீடு. சுவரில் ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால் மரச்சட்டம் செய்து, உள்ளே சத்தத்தை அடக்கும் ஃபோம் அடைத்து, துணி போர்த்தி, சுவரோடு சாய்த்து வைத்திருந்தான். காலி செய்யும் அன்று ஒரு கீறல் இருக்காது.

காலையில் சட்டங்களை மாடிக்குத் தூக்கி வர ஒரு கை கொடுத்தவர் பவளத்தின் புருஷன்தான்.

எல்லாம் நிறுத்தி முடித்ததும் இவன் அறை நடுவில் நின்று கை தட்டிக் காட்டினான். எதிரொலி எழவில்லை. தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே செத்து விழுந்தது.

அவரும் ஒரு தடவை தட்டினார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். சிரித்தார்.

"அப்ப இனிமே எங்க வீட்டுச் சத்தம் உனக்குக் கேட்காது. அப்படித்தானே தம்பி?"

"சுத்தமா கேட்காதுண்ணே."

பெருமையாகத்தான் சொன்னான்.

பதிவைச் சென்னைக்கு அனுப்பினான். ஒலியைச் சரிபார்க்கும் ரெஜினாவின் குரல் போனில் வந்து விழுந்தது.

"எக்கோ போயிருச்சு சார், சூப்பர். ஆனா கடைசியில யாரோ தரையத் தேய்ச்சுக் கழுவுறாங்க பாருங்க. ஃபோம் உங்க ரூம் எக்கோவைத்தான் குடிக்கும். பக்கத்து வீட்டுச் சத்தத்த அது எங்க சார் தடுக்கப் போகுது? அவங்க அழுதா அப்பவும் கேட்கத்தான் செய்யும்."

பதிவை இரண்டாம் முறை போட்டுக் கேட்டான்.

பிறகு மெல்ல எழுந்து, நடுச்சுவர் ஓரமிருந்த சட்டத்தை நகர்த்தினான். சுவரில் காதை வைத்தான்.

தண்ணீர் ஊற்றும் சத்தம். தேய்க்கும் சத்தம். நடுவில் ஒரு இருமல்.

அது பவளத்தின் இருமல் அல்ல.

அந்த வீட்டில் அவர் விளக்குமாற்றைத் தொட்டு இவன் கேட்டதே இல்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தான். வளையல் சத்தத்துக்காக. ஒரு முனகலுக்காக. கேட்டால் போதும் என்றிருந்தது.

தேய்ப்பது நின்றது.

கால்கள் ஈரத்தில் நடந்து சுவருக்குக் கிட்டே வந்தன.

அந்தப் பக்கத்திலிருந்து, காதுக்கு நேரே, ஒரே ஒரு கைதட்டல்.

பிறகு ஒன்றுமில்லை. யாரோ தலையைச் சாய்த்துக் காத்திருக்கும் அமைதி.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினான். துளிச் சத்தமில்லாமல், இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தான்.

சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.