ஒரு வரிக்கு ஒரு மாணவி

"எதிர்க்கருத்தையும் மதிச்சுக் கேட்கிற இடம்தான் பல்கலைக்கழகம். பயப்படாம பேசும்மா" என்று அந்த மாலை வகுப்பு மாணவியைப் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் முன் நிறுத்தினார் பேராசிரியர்.

பகலில் அச்சகத்தில் வேலை பார்ப்பவள் அவள். மாலை வகுப்புகளை மூடினால் தன் படிப்பே போய்விடும் என்று அரை மணி நேரம் பேசினாள். ஒருவர்கூடக் குறுக்கிடவில்லை.

"எல்லாரும் காதுகொடுத்துக் கேட்டாங்கம்மா! எல்லாம் சாராலதான்" என்று வீட்டில் பூரித்தாள்.

மறுநாள், வகுப்புகளை மூடும் உத்தரவை அலுவலக எழுத்தர் நீட்டினார். கீழே பேராசிரியரின் கையெழுத்து.

"நேத்து நான் பேசினதுக்கு அப்புறமா முடிவு பண்ணாங்க?"

"முடிவு போன மாசமே ஆயிடுச்சும்மா. 'மாணவர்களோட கலந்து பேசினோம்'னு உத்தரவுல ஒரு வரி சேர்க்க ஆள் தேவைப்பட்டுச்சு. சண்டை போடாம மரியாதையாப் பேசற பொண்ணுன்னு சார்தான் உன் பேரைக் கொடுத்தார்."