நடு கார்பன்

தலையணை கனத்தில் இருந்த பாடநூல், அடுத்த ஆண்டுக்கென்று துறைக் கூட்டத்தில் பேச்சே இல்லாமல் முடிவாகிவிட்டது. கரிம வேதியியலுக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை.

சண்டை கைடுக்குத்தான்.

துறைத் தலைவர் அம்மா இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழசுக்கு அட்டை வெளுத்திருந்தது. புதுசு வழவழவென்று வண்ணப் படங்களோடு மினுக்கியது.

"பழசே இருக்கட்டும்," என்றார் மூத்த விரிவுரையாளர்.

ஒவ்வொரு ஆண்டும் இதைத்தான் சொல்வார். ஏன் என்று கேட்டால் மழுப்புவார்.

"சார் அந்தக் கைடை இப்படிக் கட்டிக்கிட்டு அழுவுறாரே, உள்ள ஏதும் புதையல் வச்சிருக்காரா?" என்றார் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். மேசையைச் சுற்றிச் சிரிப்பு.

மூத்தவர் பழைய கைடைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அந்தக் கைடின் கடைசிப் பக்கங்களில் ஒரு விடை தப்பு. புரொப்பீனோடு ஹைட்ரஜன் குளோரைடு சேர்கிறது, கூடவே கொஞ்சம் பெராக்சைடு. குளோரின் ஓரக் கார்பனில் போய் உட்காரும் என்று அச்சடித்திருந்தது.

வகுப்பில் அவர் சரியாகத்தான் நடத்துவார். ஆனாலும் தேர்வில் பாதிப் பேர் கைடில் உள்ளதை அப்படியே கக்கி வைப்பார்கள். மீதிப் பேர் சரியாக எழுதிவிட்டு, கைடைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

அச்சில் வந்ததை எதிர்த்துக் கேட்க ஒரு பிள்ளையாவது வராதா என்று காத்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட. கைடை மாற்றிவிட்டால் அதுவும் போயிற்று.

கதவைத் தட்டும் சத்தம்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. கையில் பழைய கைடு, பக்கம் தவறிவிடாமல் உள்ளே ஒரு விரல்.

"சார், இதுல விடை தப்புன்னு நினைக்கிறேன். புரோமைடா இருந்தா பெராக்சைடு மாத்திவிடும், ஓரத்துக்குப் போகும். இது குளோரைடு. பெராக்சைடு போட்டாலும் நடு கார்பனுக்குத்தான் போகும்."

தலைவர் கைடை வாங்கிப் பார்த்தார். அந்தப் புது ஆசிரியரும் எட்டிப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை.

"ஏம்மா, இதை வீட்லயே உங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வீட்ல பாடத்தைப் பத்திப் பேச்செடுத்தா, டிபார்ட்மென்ட்டுல வந்து கேளுன்னுடுவாரு மேடம்."

எல்லோரும் மூத்த விரிவுரையாளரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் சார், இத்தனை வருஷமா இதைத்தான் வேணும்னு நிக்கிறீங்க. உங்க கண்ணுல இது படவே இல்லையா?"

மகளும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படலைங்க மேடம். இப்ப இவ சொல்லித்தான் எனக்கே தெரியுது."

குரலில் வெட்கம் துளிக்கூட இல்லை.

புதுக் கைடுக்கு யார் யார் சம்மதம் என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள், முதலில் உயர்ந்தது அவர் கைதான்.