அச்சு அசல்

“திரையில பால் மாதிரி வெள்ளையா இருக்கா. பேப்பர்ல பாரு, உன் கலருக்கு வந்துட்டா!”

க்ரீம் கம்பெனிக்காரர் சாம்பிள் போஸ்டரை மேசையில் அறைந்தார். அச்சகத்து டிசைனர் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஆள் முகத்தில் கரி பூசாமல் விடுவதில்லை என்று உள்ளுக்குள் கறுவினாள்.

போஸ்டரில் ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், ‘பத்தே நாளில் இந்த நிறம்!’

“திரையில தெரியறது வெளிச்சம் சார். பேப்பர்ல வர்றது மை. கொஞ்சம் மங்கத்தான் செய்யும்.”

“கதை விடாத. திரையில இருக்கறது அச்சு அசலா பேப்பர்ல வரணும். நாளைக்குக் கடை திறப்பு. ஊர் முழுக்க ஒட்டியாகணும்.”

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி தலையை நீட்டினார். “அவர் சொல்றதச் செய்ம்மா. இல்லன்னா வேற வேலை தேடிக்க.”

அவள் கணினி முன் உட்கார்ந்தாள். “இவங்க உங்க க்ரீமைத்தான் போட்டாங்களா சார்?”

“க்ரீமா? இவ யாருன்னே எனக்குத் தெரியாது! நெட்ல சுட்ட படம். மூக்கோரத்துல ஒரு மச்சம் இருந்துச்சு, அதையும் தூக்கிட்டோம். இப்பப் பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது.”

“அவங்க பாத்தா?”

“பாத்தா என்ன? காசு வாங்காம அழகாக்கி விட்டிருக்கோம். கால்ல விழட்டும்!” கடகடவென்று சிரித்தார்.

அவள் மூக்கோரத்தை ஒருமுறை தடவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். வலது கை மவுஸில் இருந்தது. இடது கை திரைக்கு அடியிலிருந்த பொத்தானுக்குப் போனது.

“இன்னும் வெளுக்கட்டும்… இன்னும் கொஞ்சம்… ஆங், அப்படி!”

திரையைப் பார்க்கவே கண் கூசியது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜனத்தை வைத்துப் பிழைப்பவர், தானும் அப்படியே நம்பினார்.

“பேப்பர்ல ஒண்ணு எடுத்துக் காட்டட்டுமா சார்?”

“அதான் திரையிலயே பாத்தாச்சே. மெஷின ஓட்டு!”

மறுநாள் மூச்சிரைக்க ஓடி வந்தவர், முதலாளியின் மேசையில் போஸ்டரை விரித்தார். பால் நிறம் போன இடம் தெரியவில்லை. நல்ல மாநிறத்தில் சிரித்தாள் அந்தப் பெண்.

“கடைத்தெருவே கைகொட்டிச் சிரிக்குதுய்யா! ‘இந்தக் கலருக்கு எதுக்கு க்ரீம், நாங்க பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் இருக்கோம்’கறாங்க!”

ஒரே காலையில் மனிதரின் சாயம் வெளுத்துவிட்டது. முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்க?”

“திரையில வெளிச்சத்த ஏத்தி வச்சுட்டு, படத்த மாநிறமாக்கிட்டேன் சார்.” குரலில் துளி பயமில்லை.

“எவ்வளவு திமிர் உனக்கு! இந்தக் கலர்தான் சரின்னு யார் சொன்னா?” என்று பாய்ந்தார் க்ரீம் கம்பெனிக்காரர்.

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, போஸ்டர் பெண்ணின் மூக்கோரத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு தன் முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய், அதே மாதிரி சிரித்தாள்.

“இப்பப் பாருங்க சார்… அச்சு அசல் நானேதான்!”