இன்னிக்கு யாரு அவுட்?

கௌதாரி அம்மாவும் குஞ்சுகளும் தினமும் விளையாடுவது ஒரே விளையாட்டுதான். "சிலை" என்று அவள் மெல்லச் சொன்னதும் அசையாமல் நிற்க வேண்டும்; அசைந்தால் அவுட். எப்போதும் முதலில் அவுட்டாவது கடைக்குட்டிதான்.

"தொண்டை கிழியக் கத்தினாலே என் பிள்ளைங்க கேக்குறதில்ல. நீ என்னடான்னா விளையாடிக்கிட்டு இருக்கியேக்கா!" என்றாள் பக்கத்துப் புதர் முயல்.

அப்போது புல்வெளியில் பருந்தின் நிழல் விழுந்தது.

"சிலை" என்றாள் அம்மா, அதே மெல்லிய குரலில்.

குஞ்சுகள் காய்ந்த புல்லோடு புல்லாக நின்றன. பருந்து வட்டமடித்துப் பார்த்துவிட்டு, எதுவும் தென்படாமல் போய்விட்டது.

புதருக்குள் முயல் பெருமூச்சு விட்டாள். கடைக்குட்டி மட்டும் தூக்கிய காலை இன்னும் கீழே வைக்கவில்லை.

"அம்மா, இன்னிக்காவது நான் அவுட் இல்லதானே?"

அம்மா அதைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். "இல்லடா தங்கம். இன்னிக்கு யாருமே அவுட் இல்ல."