நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அண்ணனின் காரியம் முடிந்த மறுநாள் அண்ணி அலமாரியைத் திறந்துவிட்டாள்.

"பழைய பேப்பர்காரர் மத்தியானம் வருவார் தம்பி. அதுக்கு முன்னாடி வேணுங்கிறதை எடுத்துக்குங்க. அப்புறம் இதுல ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாது."

அத்தனையும் போக்கர் சீட்டாட்டத்தில் பணம் ஜெயிப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள். சபேசன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். மின்விசிறியைக் கழற்றிவிட்டிருந்த அறை; வியர்வை பக்கங்களில் சொட்டியது. மேலே தனியாகத் தொங்கிய கொக்கியை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு புத்தகங்களை அவனே முன்பு படித்திருந்தான். அது அண்ணிக்குத் தெரியாது. அவற்றை ஒதுக்கினான். சிலவற்றில் அண்ணனின் கையே படவில்லை. ஒன்றில் மட்டும் முதல் வரியிலிருந்தே பென்சில் கோடுகள், ஓரமெல்லாம் அண்ணனின் பொடி எழுத்து. எதிராளியின் முகத்தை எப்படிப் படிப்பது, எந்தச் சீட்டை நம்பித் துணிவது என்று பக்கம் பக்கமாகக் கோடு போட்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவில், கோடு நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் இருநூறு பக்கங்கள் விரல் படாமல் கிடந்தன.

அவன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர் ஞாபகமா அதை மட்டும் வச்சுக்குங்க தம்பி."

"அண்ணன் அவசரப்பட்டுட்டார் அண்ணி," என்றான் சபேசன். "பாதிகூடப் படிக்கலை."

அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவளிடம் கையை நீட்டினான்.

"ஒரு பென்சில் இருந்தா குடுங்க."