எங்கே பார்க்கிறாள்?

செத்துப்போன மனைவியின் படத்தை ஸ்டூடியோ மேஜைமேல் பொத்தென்று வைத்தார் அவர்.

“யாருய்யா கண்ணை நேராக்கச் சொன்னது? அவளுக்கு மாறுகண்!”

“அதான் சார், நானே சரிபண்ணிட்டேன். எல்லாரும் கேட்டு வாங்குவாங்க,” என்றார் ஸ்டூடியோக்காரர் பெருமையாக.

“பழையபடி மாத்து. வீட்டுல எந்த மூலைக்குப் போனாலும் என்னையே பார்க்கிறா.”

ஸ்டூடியோக்காரர் நெகிழ்ந்துபோனார். “குறையோட சேர்த்து நேசிச்சிருக்கீங்க. கொடுத்துவெச்ச மகராசி!”

கம்ப்யூட்டரில் இடது கருவிழியை மூக்குப் பக்கம் நகர்த்தினார்.

“போதுமா சார்?”

“இன்னும் கொஞ்சம்.”

தான் மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்ட அந்தக் கணத்தில் அவள் தன்னைப் பார்க்கவில்லை, பக்கத்துச் சுவரைத்தான் பார்த்தாள் என்று நம்பித்தான் ஆறு மாதமாக அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.